மூன்று சிகரமும் ஒரு மினிபஸ்ஸும்: இளைஞர் குழுவை மலைக்குக் கூட்டிப்போகும் பெரியவர்களுக்கு

பிரித்தானியாவில் நற்காரியத்துக்குக் காசு சேர்க்க வேண்டுமென்றால் இளைஞர் குழுக்கள் முதலில் நினைப்பது மூன்று சிகரச் சவாலைத்தான். ஸ்கொட்லாந்தில் பென் நெவிஸ் (1,345 மீற்றர்), இங்கிலாந்தில் ஸ்கேஃபெல் பைக் (978 மீற்றர்), வேல்ஸில் ஸ்னோடன் (1,085 மீற்றர்). மூன்றையும் 24 மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். எங்கள் குழுப் பிள்ளைகளும் போன கோடையில் இதைத்தான் எடுத்தார்கள். பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை பன்னிரண்டு பேர். அதில் பெண்பிள்ளைகளும் இருந்ததால் ஒரு அம்மா என்னிடம் நேராகவே சொன்னா: "நீங்கள் போறீங்கள் எண்டா விடுறன், தங்கச்சி. இல்லையெண்டா இல்லை." அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். மலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பெரியவருக்கு என்ன காத்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. மூன்று மலையிலும் சேர்த்து நடை ஏறத்தாழ 37 கிலோமீற்றர், ஏற்றம் மூவாயிரம் மீற்றருக்குக் கொஞ்சம் மேல். மலைகளுக்கு இடையில் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 740 கிலோமீற்றர். வழக்கமாகப் போடும் கணக்கு இப்படி: பென் நெவிஸுக்கு ஐந்து மணித்தியாலம், மற்ற இரண்டுக்கும் நான்கு நான்கு, மிச்சம் பதினொன்றில் வண்டியோட்டம், சாப்பாடு, கழிப்பறை எல்லாம். கடதாசியில் வடிவாக வரும். ஆனால் அந்த ஓட்ட நேரம் போனில் வழிகாட்டும் செயலி காருக்குச் சொல்லும் நேரம். மினிபஸ்ஸுக்குச் சட்டம் வேறு. நடுவில் தடுப்பில்லாத ஒற்றைப் பாதையில் காருக்கு மணிக்கு 60 மைல், மினிபஸ்ஸுக்கு 50. இரட்டைப் பாதையில் காருக்கு 70, மினிபஸ்ஸுக்கு 60. மோட்டர்வேயில் 70 வரை போகலாம் என்றாலும் இப்போதைய மினிபஸ்களில் 62 க்கு மேல் போகவிடாத கருவி பூட்டியிருக்கும். பென் நெவிஸ் அடியில் உள்ள ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து லோக் லோமண்ட் ஏரிக்கரை வழியாக இறங்கும் ஏ82 பாதையில் அந்த 50 கூடப் பல இடங்களில் கிடைக்காது. ஹைவே கோட் என்ற வீதி விதிநூலோ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறது. இதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் 24 க்குள் அடங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சும்: சாரதி ஓய்வைத் தின்பது. குழு கூடும் முதல் நாளே இந்தக் கூட்டலைப் பிள்ளைகளைக் கொண்டே போட வையுங்கள். பெரியவர் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். தாங்களே போட்டால் பேச்சு மாறும்.

அடுத்தது லைசன்ஸ். 1997 ஜனவரி 1 க்கு முன் கார் ஓட்டப் பாஸ் பண்ணியவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் டி1 உரிமை லைசன்ஸிலேயே இருக்கும். எனக்கு இல்லை. இல்லாதவர்களும் இருபத்தொரு வயது தாண்டி, லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமாகியிருந்தால், கூலி வாங்காமல் தொண்டாக ஓட்டலாம். ஆனால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3.5 தொன்னுக்குள் இருக்க வேண்டும். பதினாறு பேர் ஏறும் மினிபஸ்களில் பல இந்த எடையைத் தாண்டியவை. வாடகைக்குக் கொடுப்பவர்கள் "கார் லைசன்ஸ் காணும்" என்று போனில் சொல்வதை நம்பாமல், கதவடியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டதில் முதல் இரண்டு வண்டிகள் கழிந்துபோயின. மூன்றாவது பாரம் குறைந்த வகை, வாடகை கூட. இன்னொன்று, பிள்ளைகளிடம் பயணத்துக்கென்று காசு வாங்கினால் அது சட்டத்தின் பார்வையில் கூலிக்கு ஏற்றுவது. அதற்கு 'செக்‌ஷன் 19' அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஐந்து பவுண் பெற்றோல் காசு என்றாலும் அதேதான். எங்கள் குழு ஒரு பதிவுபெற்ற அறநிலையமாக இருந்ததால் அனுமதி எடுக்க முடிந்தது. கடிதம் கைக்கு வர நாட்கள் எடுத்தன.

காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வந்த சண்டை எல்லாம் இதில்தான். சவாலுக்குச் செலவு வரும். எங்களுக்கு வண்டி, எரிபொருள், இரண்டு மலை வழிகாட்டிகள், தங்குமிடம், சாப்பாடு என்று 2,700 பவுண் அளவில் வந்தது. சேர்ந்த நன்கொடை ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் அதைக் கழிக்கலாம்தானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன். நல்ல மனம் என்பதற்காக அல்ல. கிஃப்ட் எய்ட் என்று அரசு ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் மேலதிகமாக அறநிலையத்துக்குக் கொடுக்கிறதே, அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு பிள்ளையின் பயணச் செலவைச் சேர்த்த காசிலிருந்து எடுத்தால், அந்தப் பிள்ளையும் அதன் பெற்றோர், சகோதரங்களும் கொடுத்த காசுக்கு அந்த 25 பென்ஸ் கிடைக்காமல் போகலாம். எங்கள் நன்கொடைப் பக்கத்தில் பெரிய தொகைகள் எல்லாம் அம்மா அப்பாமார் போட்டவை. ஆகவே செலவுக்கு வேறாக ஒரு மதியச் சாப்பாட்டு விற்பனை வைத்து, அந்தக் காசை வேறு கணக்கில் போட்டோம். நன்கொடைப் பக்கத்திலும் "இங்கே போடும் காசு முழுவதும் அறநிலையத்துக்கு, பயணச் செலவு வேறு" என்று முதல் வரியிலேயே எழுதினோம். நீங்கள் செலவைக் கழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் அப்படியே வெளிப்படையாக எழுத வேண்டும். கொடுக்கிறவருக்குத் தெரியாமல் கழிப்பதுதான் பிழை.

மலை வழிகாட்டிகள் வீண் செலவு என்று பெடியள் வாதாடினார்கள். பாதை கல் பதித்துத் தெளிவாக இருக்கிறது, ஆயிரக்கணக்கான பேர் போகிறார்கள் என்றார்கள். 1993 இல் லைம் பே கடலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் படகுப் பயணத்தில் இறந்த பிறகுதான் இந்த நாட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குச் சாகச நடவடிக்கைகளைக் காசுக்கு நடத்துபவர்களுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. தன் சொந்த அங்கத்தவர்களைக் கூட்டிப்போகும் தொண்டுக் குழுவுக்கு அந்த உரிமம் தேவையில்லை. அந்த விலக்கை வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை என்பதுதானே அதன் பொருள். எங்கள் குழுவின் காப்புறுதியைத் தோண்டிப் பார்த்தால் மலையேற்றம் விலக்குப் பட்டியலில் இருந்தது. மேலதிகம் கட்டி, மவுண்டன் லீடர் தகுதி உள்ளவர்கள் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர்த்தார்கள். பெற்றோரின் சம்மதக் கடிதம், மருந்து விபரம், பொறுப்பெடுக்கும் பெரியவர்களின் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று, இவையெல்லாம் சலிப்பான வேலை. ஒரு மாதத்துக்கு என் சாயங்காலங்களைத் தின்றது.

திட்டத்தில் இரண்டு சாரதிகள். மற்றவர் எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணை ஒருவர், டி1 உள்ளவர். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அவருக்கு 39 பாகை காய்ச்சல். "நான் எப்படியும் வாறன் தங்கச்சி" என்றார். வர வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் வேறொருவரைச் சேர்க்க முடியவில்லை. வாடகை நிறுவனம் ஒவ்வொரு சாரதியின் பெயரையும் லைசன்ஸையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அலுவலகம் பூட்டியாயிற்று. இதற்கு மருந்து உண்டு, ஆனால் முன்பே குடிக்க வேண்டும்: போகாவிட்டாலும் பரவாயில்லை என்று மூன்றாவதாக ஒருவரைச் சாரதியாகப் பதிந்து வையுங்கள். லைசன்ஸ் வழங்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏயின் தளத்தில் எடுக்கும் லைசன்ஸ் சரிபார்ப்புக் குறியீடு 21 நாள்தான் செல்லும், அதனால் மிக முந்தி எடுத்துவிட்டு இருக்கவும் கூடாது. எனக்கு முன்னால் இருந்தது ரத்துச் செய்வது, அல்லது தனியே ஓட்டுவது. தெற்கு இங்கிலாந்திலிருந்து ஃபோர்ட் வில்லியம் 500 மைல் அளவு. இடையில் ஒரு இரவு தங்கிப் போவதாகத்தான் ஏற்கெனவே திட்டம். புறப்பட்டோம். ஆனால் வண்டியை எடுக்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து ஒன்றைச் சொன்னேன்: எனக்கு நித்திரை வந்தால் நிறுத்துவேன், அப்போது நேரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது. எல்லோரும் ஓம் என்றார்கள். பகல் வெளிச்சத்தில் ஓம் சொல்வது சுகம்.

பின்னேரம் ஐந்து மணியளவில் பென் நெவிஸ் அடிவாரமான கிளென் நெவிஸில் ஏறத் தொடங்கினார்கள். அங்கே தொடங்கும் இடம் கடல் மட்டத்துக்கு மிக அருகில், ஆகவே அந்த 1,345 மீற்றரில் கிட்டத்தட்ட முழுவதையும் காலால் ஏற வேண்டும். கீழே கைச்சட்டையோடு நிற்கக்கூடிய வெயில். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பநிலை ஆறு ஏழு பாகை குறையும், காற்று அதற்கு மேல் கடிக்கும். உச்சியில் பழுதாய்க் கிடக்கும் வானிலை ஆய்வு நிலையத்தில் 1883 முதல் 1904 வரை எடுத்த அளவுகளின்படி வருடச் சராசரியே பூச்சியத்துக்குச் சற்றுக் கீழ். ஒரு பெடியன் ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தோடு வந்திருந்தான், வழிகாட்டி அவனைத் திருப்பி அனுப்பி வேறு சப்பாத்துப் போட வைத்தார். நான் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பான். உச்சி ஒரு தட்டையான வெளி, அதன் வடக்குப் பக்கம் நேரே செங்குத்தாக வெட்டி இறங்குகிறது. முகில் மூடினால் திசைகாட்டியைப் பிடித்து 231 பாகையில் 150 மீற்றர், பிறகு 282 பாகையில் இறங்க வேண்டும் என்பது அங்கே எல்லா வழிகாட்டிகளுக்கும் மனப்பாடம். அன்று முகில் மூடியது. அவர் திசைகாட்டியைப் பிடித்து அடி எண்ணிக்கொண்டு நடந்ததைப் பார்த்த பிறகு வழிகாட்டிக் காசைப் பற்றிப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை.

நான் கீழே வண்டியில் படுத்து உறங்க வேண்டும், அதுதான் திட்டம். சாரதி எங்கே, எப்படி உறங்குவார் என்று யோசிக்காத திட்டம் திட்டமே இல்லை. வெயிலுக்கு வண்டி கொதித்தது, ஜன்னலைத் திறந்தால் மிட்ஜ் என்ற சின்ன ஈக்கள் மேகமாக வந்து மொய்த்தன. கண் அயரும் நேரம் பார்த்துக் கதவில் தட்டல். பாதி வழியில் உள்ள குளத்தடியில் ஒரு பிள்ளைக்கு வாந்தி, இரண்டாவது வழிகாட்டி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு வழிகாட்டிகள் தேவை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். ஒருவர்தான் இருந்திருந்தால் பன்னிரண்டு பேருமே திரும்பியிருக்க வேண்டும், அல்லது அந்தப் பிள்ளை தனியே இறங்கியிருக்க வேண்டும். அவளுக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, அழுகையை நிறுத்தி, தாய்க்கு அழைத்துச் சொல்லி முடிக்க மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். என் நித்திரை போனது போனதுதான்.

இரவு பத்தரைக்கு வண்டியை எடுத்தேன். பின்னால் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் குறட்டை. கிளாஸ்கோ தாண்டி மோட்டர்வேயில் ஏறியபோது ஒரு மணி தாண்டியிருந்தது. பாதையோரப் பலகை ஒன்றை வாசித்தேன், அடுத்த கணமே அதில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை. கண் மூடவில்லை, வண்டி விலகவில்லை. ஆனால் வாசித்தது மறைந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அடுத்து வந்த சேர்விஸில் (மோட்டர்வேயோர ஓய்விடம்) இறங்கி நிறுத்தி, "நேரம் முடிஞ்சுது. விடியிற வரைக்கும் இங்கதான்" என்றேன். பெடியன் ஒருவன், கெட்டிக்காரன், அதிக காசு சேர்த்தவனும் அவன்தான், எழும்பி வந்தான். "அக்கா, 24 மணித்தியாலம் எண்டு சொல்லித்தானே காசு சேர்த்தனாங்கள்? இப்ப சனத்துக்கு என்ன சொல்லுறது?" அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் பதில் சொல்லாமல் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்க் கோப்பிக் கடை மேசையில் தலையைப் போட்டுப் படுத்தான். எனக்கும் அழுகை வந்தது. பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகள் பின்னால் இருக்கிறார்கள், முடிவெடுக்கக் கூட ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லை. அந்தத் தனிமையைத்தான் சொல்கிறேன், மலைத் தனிமையை அல்ல. (இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தினால் சேர்விஸ்களில் காசு கட்ட வேண்டும். கட்டாமல் போனால் வாடகை நிறுவனத்துக்குத் தண்டக் கடிதம் போகும், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள்.)

விடிந்த பிறகு, ஸ்கேஃபெல் பைக் ஏறத் தொடங்கும் வாஸ்டேல் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஏரிக்கரைப் பாதை ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் கல் மதில். எதிரே வந்த பண்ணை வண்டிக்கு ஒதுங்கும்போது பின்சக்கரத்துக்கு மேலே மதில் உரசிவிட்டது. பெரிய கீறல் இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் முதல் 750 பவுண் நம் பொறுப்பு. அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையை ஈடு செய்யும் தனிக் காப்புறுதி வேறு இடங்களில் மலிவாக வாங்கலாம் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மினிபஸ்ஸுக்கும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள், சில காருக்கு மட்டும்தான்.

வாஸ்டேலில் போன் வேலை செய்யாது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகப் போனது நள்ளிரவில் நான் போட்ட "நிறுத்திவிட்டோம்" என்ற செய்தி. ஏன், எங்கே என்று கேட்டு வந்த கேள்விகள் எனக்கு வந்து சேரவில்லை. பத்து மணியளவில் ஒரு தகப்பன் பொலிசுக்கு அடிப்பதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டாராம். காய்ச்சலோடு வீட்டில் கிடந்த அண்ணைதான் பாதை வரைபடத்தை வைத்துக்கொண்டு, "அந்தப் பள்ளத்தாக்கில சிக்னல் இல்லை, பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் பொறுங்கோ" என்று எல்லோரையும் அடக்கியிருக்கிறார். வீட்டில் ஒருவர், கையில் பாதையும் நேரமும், எத்தனை மணிக்குப் பிறகு கவலைப்பட வேண்டும் என்ற எழுத்து. இது இல்லாமல் கிளம்பாதீர்கள். மலையில் உண்மையாகவே ஆபத்தென்றால் 999 அடித்து முதலில் பொலிஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். குரல் அழைப்பு எடுபடாத இடத்தில் குறுஞ்செய்தி சில வேளை போகும், ஆனால் முன்பே 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999 க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஆறு ஊதல். மீட்க வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வாஸ்டேல் குழுவை கோடையில் நித்திரை கொள்ள விடாதவர்கள் நம்மைப் போன்ற சவால்காரர்தான்.

ஸ்கேஃபெல் பைக்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மழை, உருளும் கல், எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். வேல்ஸில் ஸ்னோடன் ஏறத் தொடங்கும் பென்-இ-பாஸ் கார் பார்க்கை முன்பே பதிந்து காசும் கட்டியிருந்தோம், நேரம் தவறியதால் அது போயிற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் கீழே நான்ட் பெரிஸ் என்ற ஊரில் நிறுத்திப் பஸ் பிடித்து வந்தேன். அங்கே தேசியப் பூங்கா 2022 முதல் வேல்ஸ் மொழிப் பெயரையே வழங்குகிறது, அதனால் தகவல்களில் ஸ்னோடனைத் தேடினால் காணமாட்டீர்கள், எர் வித்வா என்றுதான் இருக்கும். அங்கிருந்து உச்சிக்கு ஏறும் பிக் பாதையில் போகிறவர்கள் முதல் கணவாயில் கவனமாக இருக்க வேண்டும், அங்கே வலப்பக்கமாக ஏறும் தடம் கிரிப் கோக் என்ற கத்தி முனைப் பாறைக்குக் கொண்டுபோய் விடும். களைத்தவர்கள் முன்னால் போகும் யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்து நடப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஏறினார்கள். மிச்சப் பேரை நானே வேண்டாம் என்றேன். தலையில் கட்டும் டோர்ச் வெளிச்சத்தில் இறங்கி வந்தார்கள். 24 மணித்தியாலம் முடிந்து எவ்வளவோ நேரம்.

அன்றிரவே நன்கொடைப் பக்கத்தில் நடந்ததை எழுதினோம். நேரத்துக்குள் முடிக்கவில்லை, சாரதி ஓய்வுக்காக நிறுத்தினோம், காசைத் திருப்பிக் கேட்பவர்கள் கேட்கலாம் என்று. எழுதியது அந்தக் கோபக்காரப் பெடியன்தான். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை, சிலர் மேலும் போட்டார்கள். ஆனால் ஊர்ச் சனத்தின் வாய் வேறு. "வண்டியை இடிச்சாச்சு, அந்தக் காசும் அதுக்குள்ளதான் போயிருக்கும்" என்று ஒரு கதை கிளம்பியது. பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறைக்குள் வைத்திருந்தேன், இரண்டு கணக்கையும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அறநிலையம் தந்த பற்றுச்சீட்டையும் சேர்த்தேன். அதோடு வாய் மூடியது. மதிலுக்குப் போன 750, கடைசி நேரத்தில் விலகியவர்களின் தங்குமிடக் காசு, கார் பார்க், சில்லறைச் செலவு எல்லாம் என் பையிலிருந்துதான் போயின, ஆயிரத்துக்கு மேல். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். விலகுபவர்களின் பங்கு திருப்பித் தரப்படாது என்று முதலிலேயே கையெழுத்து வாங்குங்கள், இதில் தாட்சண்யம் பார்த்தால் பணம் போவது ஏற்பாடு செய்தவருடையது.

இந்த முறை பிள்ளைகளுக்கு நான் காட்டியிருப்பது யோக்‌ஷயர் மூன்று சிகரம். பென்-இ-கெண்ட் (694 மீற்றர்), வேர்ன்சைட் (736), இங்கிள்பரோ (723). 38 கிலோமீற்றர் அளவு, ஒரே வட்டமாகச் சுற்றி வரலாம், 12 மணித்தியாலம் என்பது வழக்கமான இலக்கு. காலையில் புறப்பட்ட இடத்துக்கே மாலையில் வந்து சேரலாம். இடையில் வண்டியே இல்லை. நடை அதே அளவுதான், ஏற்றம் பாதி. வழிகாட்டி, காப்புறுதி, வீட்டில் ஒருவர் எல்லாம் இதற்கும் வேண்டும். நடந்து முடித்த இரவு சேர்விஸில் தங்குமிடம் எடுத்து உறங்கிவிட்டு அடுத்த நாள்தான் வீட்டுக்கு ஓட்டுவோம் என்பதையும் எழுதியாயிற்று. நன்கொடைப் பக்கத்தில் நேரக் கெடு எதுவும் போட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெடியன் 12 என்று போட வேண்டும் என்கிறான். கூட்டம் இன்னும் முடியவில்லை.